தையற்காரர் அன்சானியின் பெயர் அந்தப் பட்டியலில் ஏன் வந்தது?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெயர் டேச்சியோ அன்சானி. இத்தாலியில் ஃபோர்லி ஊர்க்காரர், தொழில் தையல். முசோலினி பிறந்த பிரெடாப்பியோவும் அதே ஃபோர்லி பக்கம்தான். ஒரே மண், ஆனால் அன்சானி கடைசிவரை முசோலினியை எதிர்த்தவர். லண்டனில் 31 வருடம் வாழ்ந்தார். மனித உரிமைக் கழகத்தின் இத்தாலியப் பிரிவுக்கு அவர்தான் அங்கே செயலாளர்.

1940 ஜூன் 10. முசோலினி பிரிட்டன்மீது போர் அறிவிக்கிறார். அன்று இரவே பிரிட்டன் முழுக்க இத்தாலியர்களைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஐஸ்கிரீம் விற்றவர், ஹோட்டலில் பரிமாறியவர், கஃபே நடத்தியவர் என்று யாரையும் விடவில்லை. ‘ஆபத்தானவர்கள்’ என்று உளவுத்துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதற்கு ஆதாரம் பெரும்பாலும் பாசிசக் கட்சியின் லண்டன் கிளை போன்றவற்றின் உறுப்பினர் பதிவுதான். பிள்ளைகள் இத்தாலி மொழி படிக்கட்டும், நாலு ஊர்க்காரர்களைப் பார்க்கலாம் என்று அங்கே சேர்ந்தவர்கள் நிறையப் பேர். சரி, அவர்கள் கதையாவது அப்படி. பாசிசத்தை எதிர்ப்பதையே வேலையாக வைத்திருந்த அன்சானியையும் ஏன் பிடித்தார்கள்? அவரை ஐந்து நிமிடம் விசாரித்திருந்தால் போதும். யாரும் விசாரிக்கவில்லை.

கனடாவுக்கு அனுப்புவதற்காக ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பலில் ஏற்றினார்கள். பணக்காரர்கள் உல்லாசப் பயணம் போன கப்பல் அது. போருக்காகச் சாம்பல் நிறம் பூசி, தளங்களில் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கப்பலுக்கு ஏதாவது ஆனால் படகுகளுக்கு ஓடவிடாமல் இந்தக் கம்பியே மறித்துவிடும் என்று கேப்டன் மோல்டன் ஆட்சேபித்தார். கம்பியை எடுக்கவில்லை. அந்த வேலியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஜூலை 1 அதிகாலை லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. துணைக்குப் போர்க்கப்பல் கிடையாது. உள்ளே கைதிகள் இருப்பதைக் காட்ட ஓர் அடையாளமும் கிடையாது. மறுநாள் காலை ஏழு மணிவாக்கில், அயர்லாந்துக்கு மேற்கே, ஜெர்மன் நீர்மூழ்கி யூ-47 தன்னிடம் மிச்சமிருந்த ஒரே டார்பிடோவைச் செலுத்தியது. அது எஞ்சின் அறையில் பாய்ந்தது. விளக்குகள் அணைந்தன. இருட்டில், பழக்கமில்லாத படிக்கட்டுகளில், வயதானவர்கள் வழி தேடித் தடுமாறினார்கள். மேலே ஏறி வந்தவர்களுக்கு எதிரே முள்கம்பி. சுமார் 35 நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது.

800க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கப்பலில் இருந்த 734 இத்தாலியர்களில் 440க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அன்சானியும் அவர்களில் ஒருவர். அடுத்த மாதம் அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கரைகளில் உடல்கள் ஒதுங்கின.

அப்புறம் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஸ்னெல் பிரபு விசாரணை நடத்தினார். பட்டியலில் கோளாறு இருந்தது அப்போதுதான் பேசப்பட்டது.

பிழைத்தவர்களை ஒரு கனடா போர்க்கப்பல் மீட்டுக் கரை சேர்த்தது. ஜூலை 10ஆம் தேதி, அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்களை அதே லிவர்பூலில் இன்னொரு கப்பலில் ஏற்றினார்கள். இந்த முறை ஆஸ்திரேலியாவுக்கு.