தடை வராது என்று தெரிந்த பிறகு: அமெரிக்கத் துப்பாக்கி விவாதம் பற்றி ஓர் உரை

(பென்சில்வேனியாவில் நடந்த தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இங்கே வந்திருக்கும் பெற்றோர்களில் பலருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் லாக்டவுன் பயிற்சி, அதாவது துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சி, செய்திருப்பார்கள். விளக்கை அணைத்து, கதவைத் தாழிட்டு, வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கிண்டர்கார்ட்டன் குழந்தைக்கும் இது பழக்கம். வீட்டுக்கு வந்து அதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள், நமக்குத்தான் வயிறு கலங்குகிறது. "இவ்வளவு பெரிய நாடு, ஒரு சட்டம் போட்டுத் துப்பாக்கியைத் தடை செய்ய வேண்டியதுதானே" என்று அன்று ராத்திரி பேசிக்கொள்கிறோம். மறுநாள் ஊரிலிருந்து அம்மா போன் செய்து அதையேதான் கேட்கிறார்.

தடை வராது. ஏன் வராது என்று முதலில் சொல்கிறேன். வராது என்று தெரிந்த பிறகும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. எனக்கு அதைப் பற்றித்தான் அதிகம் பேச ஆசை.

நாம் வந்த நாட்டில் துப்பாக்கி என்பது அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிற சலுகை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி கலெக்டரிடமோ போலீஸ் கமிஷனரிடமோ மனு கொடுத்து, உயிருக்கு என்ன ஆபத்து என்று விளக்கி, விசாரணையெல்லாம் முடிந்த பிறகு லைசென்ஸ் வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இங்கே அப்படியே தலைகீழ். எனக்கு ஏன் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஏன் வைத்திருக்கக் கூடாது என்று அரசாங்கம்தான் காரணம் காட்ட வேண்டும். இது மனதில் பதியாவிட்டால் அமெரிக்கர்கள் பேசுவதெல்லாம் நமக்குப் பைத்தியக்காரத்தனமாகவே தெரியும்.

1791-ல் சேர்க்கப்பட்ட இரண்டாவது அரசியல் சாசனத் திருத்தம் ஒரே ஒரு வாக்கியம்தான். சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்காக அமைந்த குடிமக்கள் படை அவசியம் என்கிறது முன்பாதி. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையில் கைவைக்கக் கூடாது என்கிறது பின்பாதி. உரிமை அந்தப் படைக்காகவா, அல்லது ஒவ்வொரு தனி மனிதருக்குமா? நெடுங்காலம் உச்ச நீதிமன்றம் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

2008-ல் சொன்னது. டிக் ஹெல்லர் என்பவர் வாஷிங்டனில் ஒரு மத்திய அரசுக் கட்டடத்தில் ஆயுதம் ஏந்திய காவலர். வேலை நேரம் முழுக்க இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கும். வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, 1976-ல் அந்த நகரம் போட்ட சட்டம் அப்படி. அரசாங்கக் கட்டடத்தைக் காக்க என் கையில் கொடுக்கிறீர்கள், என் வீட்டைக் காக்க மட்டும் கூடாதா என்பது அவருடைய ஆதங்கம். ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அவர் பக்கம் நின்றார்கள். உரிமை தனி மனிதருடையது என்று நீதிபதி ஸ்கேலியா தீர்ப்பு எழுதினார். அதே தீர்ப்பில், இந்த உரிமைக்கும் எல்லை உண்டு, குற்றவாளிகளிடமும் பள்ளிக்கூடம் போன்ற இடங்களிலும் துப்பாக்கி கூடாது என்கிற பழைய கட்டுப்பாடுகள் நிற்கும் என்றும் எழுதினார். இந்த இரண்டாவது பகுதியை இரு தரப்பிலும் யாரும் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

2022-ல் நியூயார்க் வழக்கு ஒன்றில், வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்றார்கள். கூடவே, ஒரு கட்டுப்பாடு செல்லுபடியாக வேண்டுமானால் அதற்கு நாட்டின் பழைய வரலாற்றில் முன்மாதிரி இருக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலையும் வைத்தார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஒவ்வொரு குண்டையும் கையால் கெட்டித்துச் சுட்ட காலத்துச் சட்டப் புத்தகத்தில் இன்றைய ஆபத்துக்கு மருந்து தேடுவது எப்படிச் சரியாகும்? 2024-ல், மனைவியையோ காதலியையோ மிரட்டியதற்காக நீதிமன்றத் தடை உத்தரவு விதிக்கப்பட்டவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்கிற சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்று காப்பாற்றினார்கள். அந்தமட்டில் நிம்மதி.

சாசனத்தையே திருத்தலாமே என்பீர்கள். இந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அப்புறம் 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். இன்றைய அரசியலில் நடக்காது. நடந்தாலும், இந்த நாட்டு மக்களிடம் சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருப்பதாக 2018-ல் ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டது. மக்கள் தொகையைவிட அதிகம். ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு அரசாங்கம் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. நல்ல வேலை செய்தார்கள். இங்கே உள்ள கணக்கே வேறு.

சரி, துப்பாக்கி வேண்டும் என்பவர்கள் யார்? நம் மாநிலத்தில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை பல பள்ளிகளுக்கு விடுமுறை, மான் வேட்டைக்காக. தாத்தாவின் ரைஃபிள் பேரனுக்கு வருகிறது. ஷெரீஃபின் வண்டி வந்து சேர முக்கால் மணி நேரமாகும் கிராமத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு 911 என்ற அவசர எண் மட்டும் போதும் என்று நான் எப்படிச் சொல்வேன்? கறுப்பினத்தவரின் வரலாற்றையும் பாருங்கள். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு தென் மாநிலங்கள், விடுதலையான அடிமைகள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. 1956-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அதன்பின் அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு மனு கொடுத்தார், மறுத்துவிட்டார்கள். 1967-ல் கலிஃபோர்னியாவில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் துப்பாக்கியுடன் சட்டமன்றத்துக்குள் போனார்கள். பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைத் தூக்கித் திரியக் கூடாது என்ற சட்டம் சில மாதங்களில் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரீகன். கட்டுப்பாடு என்று சொன்னாலே சிலர் சந்தேகப்படுவதற்கு இப்படி ஒரு பின்கதையும் இருக்கிறது.

தேசிய ரைஃபிள் சங்கம்கூட 1871-ல் தொடங்கியபோது குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கும் சங்கம்தான். 1977-ல் சின்சினாட்டி மாநாட்டில் தலைமை கைமாறிய பிறகுதான் எந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்க்கும் அரசியல் சக்தியாக மாறியது. 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் வாங்குபவர்களுக்கும் பின்னணிச் சோதனை, அதாவது துப்பாக்கி வாங்கத் தடை உள்ளவரா என்று பார்க்கும் சோதனை, வேண்டும் என்ற மசோதா காங்கிரஸின் மேலவையான செனட்டுக்கு வந்தது. ஆதரவு 54 ஓட்டு, தேவை 60. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் மேலே மாடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். அந்த நாளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சங்கத்தின் சக்தி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஓர் அலுவலகத்தைக் காட்டுகிறேன். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர். கொலை நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யார் வாங்கியது என்று நாட்டின் எந்த மூலையிலிருந்து போலீஸ் கேட்டாலும் அங்கே உள்ள மத்திய அரசு அலுவலகத்தில்தான் தேடுகிறார்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் இப்படிக் கேட்கிறார்கள். வரிசை எண்ணைத் தட்டினால் கணினியில் பெயர் வரும் என்று நினைப்போம். வராது. துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியலை மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று 1986-ல் சட்டமே இருக்கிறது. ஆகவே ஊழியர் முதலில் தயாரிப்பாளரைக் கேட்கிறார். அவர் மொத்த வியாபாரியைக் கைகாட்டுகிறார், அவர் சில்லறைக் கடையைக் கைகாட்டுகிறார். கடைக்காரர் வாங்கியவர் நிரப்பிய படிவத்தைத் தேடி எடுத்துச் சொல்ல வேண்டும். கடை மூடப்பட்டிருந்தால் அதன் பழைய பதிவுகள் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வந்திருக்கும். கையால் எழுதிய பேரேடு, தண்ணீரில் நனைந்த தாள், எல்லாம் இருக்கும். உள்ளே இடம் போதாமல் வாகன நிறுத்துமிடத்தில் கப்பல் கண்டெய்னர்களில் அடுக்கி வைத்த காலமும் உண்டு. ஸ்கேன் செய்கிறார்கள், ஆனால் பெயரைப் போட்டுத் தேடும் வசதியை வேண்டுமென்றே வைக்கவில்லை. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பட்டியல் இருந்தால் ஒருநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பறிப்பார்கள் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு என்று இப்போதுதான் சொன்னேன். ஆனாலும் கொலையாளியைத் தேடும் போலீஸுக்கு இந்தக் கதி ஆகலாமா?

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் கொலை 17,927. தற்கொலை 27,300. நாம் தொலைக்காட்சியில் பார்த்துப் பதறும் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகள் இந்தக் கணக்கில் மிகச் சிறிய பங்கு. பாதிக்கு மேற்பட்ட மரணங்கள் பூட்டிய அறைக்குள், யாருக்கும் தெரியாமல், வீட்டுத் துப்பாக்கியால் நடக்கின்றன. செய்தியிலும் வருவதில்லை, தேர்தல் மேடையிலும் யாரும் பேசுவதில்லை.

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஓர் அலைபோல எழுந்து அடங்குவது. உச்சத்தில் இருக்கும் நேரம் குறைவு, பலருக்குச் சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தைக் கடந்துவிட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அருகில் இருந்தால் கடப்பதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. மனிதருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் கொஞ்சம் நேரமும் ஒரு பூட்டும் இருந்தால் உயிர் பிழைக்கும். யாருடைய உரிமையையும் பறிக்காமல் இதைச் செய்ய முடியும்.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2009-ல் அங்கே ஒரு துப்பாக்கிக் கடையில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் துப்பாக்கி வாங்கினார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள். மூவரும் வாங்கிய சில மணி நேரத்தில் அதைக் கொண்டே உயிரை விட்டார்கள். கடைக்காரர் சட்டப்படி எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. தற்கொலைத் தடுப்புக் குழுவினரோடும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களோடும் உட்கார்ந்து பேசினார். மற்ற கடைக்காரர்களும் சேர்ந்தார்கள். கலங்கிப்போய் வருகிறவரை எப்படி அடையாளம் காண்பது, என்ன கேட்பது, எப்போது விற்க மறுப்பது என்று விற்பனையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கியை நண்பரிடம் கொடுத்து வையுங்கள் என்று கல்லாப் பக்கத்தில் போஸ்டர் ஒட்டினார்கள். பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. துப்பாக்கி உரிமையை உயிராக நினைக்கிறவர்களே முன்னின்று செய்த வேலை இது. இந்த விவாதத்தில் எனக்கு நம்பிக்கை தருவது எந்தத் தீர்ப்பையும்விட இதுதான்.

சட்டத்திலும் இதே வழி உண்டு. 1999-ல் கனெக்டிகட் மாநிலம், ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருந்தால் நீதிபதி உத்தரவின் பேரில் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கலாம் என்று சட்டம் போட்டது. இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. நம் பென்சில்வேனியாவில் இல்லை. உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. பின்னணிச் சோதனை மூன்று வேலை நாளில் முடியாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம் என்று மத்திய சட்டம் சொல்கிறது. 2015-ல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் அந்த வழியாகத்தான் துப்பாக்கி வாங்கினான். டெக்சாஸில் யுவால்டே ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்த பிறகு, 2022 ஜூனில் இரு கட்சிகளும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தன. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் வாங்கும்போது சோதனைக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்தது. சின்ன அடிதான், ஆனாலும் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளில் காங்கிரஸ் எடுத்து வைத்த பெரிய அடி அதுவே.

கடைசியாக நம் வீட்டு விஷயம். கடையும் மோட்டலும் பெட்ரோல் பங்க்கும் நடத்துகிற நம்மவர்கள் கொள்ளைக்குப் பயந்து துப்பாக்கி வாங்கியிருக்கிறார்கள். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். தோட்டாவைக் கழற்றித் தனியாகப் பூட்டுங்கள், துப்பாக்கியைத் தனியாகப் பூட்டுங்கள். பரீட்சையில் மதிப்பெண் குறைந்த பிள்ளையும், வேலை போன அண்ணனும், ஊரை நினைத்து ஏங்கும் அப்பாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பிள்ளைக்குச் சாவி இருக்கும் இடம் தெரியாது என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் வீட்டில் கிடையாது. மனம் சரியில்லாதவர் யாராவது உங்களிடம் வாய் திறந்தால் உட்கார்ந்து கேளுங்கள். 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

துப்பாக்கி இல்லாத வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. பிள்ளையை விளையாட அனுப்பும்போது நாம் நட்ஸ் அலர்ஜி பற்றிச் சொல்கிறோம், வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்கிறோம். கூடவே, "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்று எனக்கும் முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் வேட்டைக்குப் போகும் ஒரு பெரியவரிடம்தான் முதன்முதலாகக் கேட்டேன். என்னை நிலவறைக்கு அழைத்துப்போய் இரும்புப் பெட்டகத்தைத் திறந்து காட்டினார். பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு வாங்கினாராம். தோட்டாக்களை வேறு அறையில், வேறு பூட்டில் வைத்திருந்தார். இதுவரை எந்தப் பெற்றோரும் தன்னிடம் இதைக் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும் என்றார்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.