அம்மன் தேர் ஓடும் கரி ஊர்

(ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

ஹம் ஊர் என்று சொன்னால் ஜெர்மனியில் இருக்கும் நம் தமிழ் ஆட்களுக்கு ஒரே நினைவுதான்: காமாட்சி அம்பாள் தேர். ஜெர்மனியின் எந்த மூலையில் இருந்தாலும் கோடையில் ஒருநாள் அங்கே போகிறோம், வடம் பிடிக்கிறோம், தெரிந்தவர்களைப் பார்த்து நலம் விசாரிக்கிறோம், திரும்பி வந்துவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான். கோயிலைத் தெரியும், நெடுஞ்சாலையைத் தெரியும், ஊரைத் தெரியாது.

ஒரு வருஷம் திரும்பும் ரயிலைத் தவறவிட்டேன். அடுத்த ரயிலுக்கு நேரம் கிடந்தது. சரி, சும்மா உட்காருவானேன் என்று ஒரு பேருந்தில் ஏறி, நகரத்தின் மறுபக்கத்தில், பொக்கும்-ஹோவல் என்ற பகுதியில் இறங்கினேன். வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் இரும்புக் கோபுரங்கள் நின்றன. உச்சியில் பெரிய சக்கரங்கள். கிணற்றுக் கப்பியை நூறு மடங்கு பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

அந்த ஒப்புமை ஒன்றும் என் கற்பனை அல்ல என்று பிறகு தெரிந்தது. அந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளிகள் சுரங்கத்தைப் 'பியுட்' என்றுதான் சொல்வார்கள். லத்தீனில் கிணற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. கயிறு, கப்பி, வாளிக்குப் பதில் மனிதர்கள். அவர்கள் சந்திக்கும்போது சொல்லும் வணக்கம் 'குளுக் அவுஃப்'. நல்லபடியாக மேலே வந்து சேர் என்ற பொருளில்தான் எல்லோரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். இறங்குகிறவனுக்குச் சொல்ல வேறென்ன இருக்கிறது?

ரூர் கரிப் பிரதேசத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது ஹம். ரூர் ஆற்றங்கரையில் கரி கிட்டத்தட்ட நிலத்தின் மேலேயே கிடந்தது. வடக்கே போகப் போக அந்தப் படிவங்கள் சரிந்து, தடித்த சுண்ணாம்புக் களிமண்ணுக்கு அடியில் ஆழமாக இறங்கிவிடுகின்றன. அதனால் எசன், போகும் (Bochum) என்ற நகரங்கள் கரியில் கொழித்துக்கொண்டிருந்தபோது ஹம் வெறும் ரயில் சந்திப்பு. 1876இல் இங்கே வெரீஸ் என்ற இடத்தில் கரி தேடித் துளையிட்டார்கள். வந்தது சூடான உப்புநீர். விட்டார்களா? அந்த நீரை வைத்தே ஒரு குளியல் வைத்தியசாலை கட்டி நோயாளிகளை வரவழைத்தார்கள். கரி கிடைக்காததில் ஊர் சம்பாதித்த முதல் காசு அது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஆழச் சுரங்கங்கள் வந்தன. ராட்பொட், சாக்சன், ஹைன்ரிக் ரொபெர்ட், மக்சிமிலியன் என்று நான்கு பெயர்கள். நான் கோபுரம் பார்த்த இடம் ராட்பொட். 1908 நவம்பர் 12 அதிகாலையில், இரவு வேலைக்காரர்கள் கீழே இருந்தபோது, வாயு வெடித்துக் கரித்தூளும் பற்றிக்கொண்டது. சுமார் 350 பேர் இறந்தார்கள். தீயை அணைக்க வேறு வழியில்லாமல் சுரங்கத்துக்குள் நீரைப் பாய்ச்சினார்கள். உள்ளே இருந்த உடல்களை எடுக்க மாதக்கணக்கில் ஆயிற்று. சுரங்கம் தொடங்கி மூன்றே வருஷம் ஆகியிருந்தது. இதையெல்லாம் பார்த்தும் மறுபடி இறங்கினார்களா என்றால், இறங்கினார்கள். 1990 வரைக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த கரி ஏன் விலை போகாமல் போனது? காரணம் எளிது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய், வெக்கையிலும் வாயுவிலும் நின்று தோண்டுகிற கரி, வேறு நாட்டில் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு வாரிக்கொள்கிற கரியோடு விலையில் போட்டியிட முடியாது. அதோடு எண்ணெயும் மலிவாக வந்து இறங்கியது. 1958இலேயே நெருக்கடி வெளியே தெரிந்துவிட்டது, விற்காத கரி மலை மலையாகக் குவிந்தது. அதன் பிறகு நடந்தது அறுபது வருஷத்து மெதுவான மூடல். அரசு மானியம் கொடுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக மூடியது. ஹம்மில் சாக்சன் 1976இல், ராட்பொட் 1990இல், கடைசியாக ஹைன்ரிக் ரொபெர்ட் 2010 செப்டெம்பரில். நாட்டின் கடைசி கருங்கரிச் சுரங்கம் பொட்ரொப் நகரில் 2018 டிசம்பரில் மூடப்பட்டபோது, கடைசிக் கரித்துண்டை ஜனாதிபதியின் கையில் கொடுத்தார்கள்.

இந்த மெதுவான மூடலை நான் குறை சொல்லமாட்டேன். பிரிட்டனில் 1980களில் சுரங்கங்களைச் சட்டென்று மூடியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இங்கே சுரங்கக்காரனைத் தெருவில் விடவில்லை. ஐம்பது வயதையொட்டியவர்கள் உதவித்தொகையோடு முன்கூட்டியே ஓய்வுக்குப் போனார்கள், இளையவர்களை அடுத்த சுரங்கத்துக்கு மாற்றினார்கள். அப்பாக்கள் தப்பித்தார்கள். அடிபட்டது அவர்களுடைய பிள்ளைகள். பதினாறு வயதில் பள்ளியை முடித்துவிட்டுப் போய்ச் சேர, தொழில் பழக, கைநிறையச் சம்பளம் வாங்க இருந்த அந்த வாசல் அடைபட்டது. 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியிலிருந்து வந்து கரி வெட்டியவர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் உறைத்தது. அவர்களை இந்த ஊருக்கு அழைத்து வந்ததே அந்த வாசல்தான்.

அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. இங்கேதான் எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. கரியைப் போலவே பெரிய ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் குழியை அடைத்துவிடலாம் என்று நினைத்த போதெல்லாம் இந்தப் பக்கம் ஏமாந்தது.

நம் கோயில் இருக்கும் யூன்ட்ரொப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். அங்கே பழைய கரி மின்நிலையத்தை ஒட்டி ஒரு தோரியம் அணு உலை கட்டினார்கள். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக எரிபொருள், உலகமே திரும்பிப் பார்க்கும் தொழில்நுட்பம் என்று பேச்சு. கட்டத் தொடங்கியது 1971இல், மின்சாரம் தந்தது 1985இல், மூட முடிவெடுத்தது 1989இல். முழுத்திறனில் ஓடியதாகக் கணக்குப் போட்டால் 423 நாள். 1991இல் அதன் 180 மீட்டர் உயரக் குளிர்விப்புக் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள்.

அதோடு ஓய்ந்தார்களா? 2008இல் அதே இடத்தில் அன்றைய சான்சலர் அங்கேலா மேர்க்கெல் வந்து புதிய கரி மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். கரி உள்ளூர்க் கரி அல்ல, கப்பலில் வருவது. இரண்டு அலகுகள், சுமார் 300 கோடி யூரோ. பல ஊர்களின் நகராட்சி மின்நிறுவனங்களும் பணம் போட்டன. ஒன்று 2014இல் ஓடத் தொடங்கியது. மற்றது முறையாக ஓடவே இல்லை, 2015இல் கைவிட்டார்கள். ஓடிய அந்த ஒன்றும் கரியை விட்டு விலகும் சட்டத்தின் கீழ் 2021இல் நின்றுவிட்டது. புதுக்கருக்கு மாறாத நிலையம் ஐயா அது. இன்று அந்த வளாகத்தில் பேட்டரிகளை அடுக்கி மின்சாரம் சேமிக்கிறார்கள்.

மேற்கே இருக்கும் போகும் நகரத்தின் கதையும் இதேதான். மூடிய சுரங்க நிலத்தில் 1962இல் ஓப்பல் கார் தொழிற்சாலை வந்தது, 2014இல் போய்விட்டது. நோக்கியா வந்தது, 2008இல் ருமேனியாவுக்குப் போய்விட்டது.

நின்றதெல்லாம் சின்ன காரியங்கள். நான்கு பெயர் சொன்னேனே, அதில் மக்சிமிலியன் ஒரு தோல்விச் சுரங்கம். 1914இல் உப்புநீர் உள்ளே புகுந்து மூழ்கிப்போனது. ஊருக்கு அதிலிருந்து கரியென்று பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1984இல் மாநிலத் தோட்டக் கண்காட்சியை அங்கே நடத்தினார்கள். அந்தச் சுரங்கத்தின் கரி கழுவும் கட்டடம் மிச்சமிருந்தது. ஒரு கலைஞர் அதை யானையாக்கினார். நிஜமாகத்தான் சொல்கிறேன். 35 மீட்டர் உயரத்தில் கண்ணாடி யானை. தும்பிக்கைக்குள் மின்தூக்கி ஓடுகிறது. நாம் தும்பிக்கை வழியாக ஏறித் தலைக்குப் போகிறோம், உள்ளே செடிகள், வெளியே மரங்களுக்கு மேலே தெரியும் ஊர். நான் போனபோது கூட ஏறிய ஒரு சிறுமி, "யானை நம்மை முழுங்கிவிட்டதா?" என்று அம்மாவிடம் கேட்டாள். கரி தராத சுரங்கம் நாற்பது வருஷமாக ஊருக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உப்புநீர்க் குளியலை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சாக்சன் சுரங்கத்தின் இயந்திரக்கூடத்தில் இன்று சூழலுக்கேற்ற கட்டடக்கலைக்கான மையம் இருக்கிறது. 2009இல் ஊருக்கு முதன்முறையாக ஓர் அரசு உயர்கல்வி நிறுவனம் வந்தது. ஹைன்ரிக் ரொபெர்ட் வளாகத்தில் சிறு தொழில்களும் கலைக்கூடங்களும் குடியேறுகின்றன. நெடுஞ்சாலைகளை ஒட்டிச் சரக்குக் கிடங்குகள். கிடங்குச் சம்பளமும் அந்தக் காலத்துக் கரிச் சம்பளமும் ஒன்றல்ல, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு கிடங்கு மூடினால் ஊர் மூடாது.

செலவும் முடியவில்லை. கரியை எடுத்த இடம் உள்வாங்கி, நிலம் பல மீட்டர் இறங்கியிருக்கிறது. ரூர் பிரதேசம் முழுவதும் பம்புகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அவற்றை நிறுத்தினால் பெரும் பகுதி ஏரியாகிவிடும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நித்தியச் சுமை'. அதற்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணத்தை முதலீடு செய்து வைத்திருக்கிறார்கள். ஹம்மில் கரி எடுத்தது நூற்றுச் சொச்சம் வருஷம். பம்புக்கு முடிவு நாள் குறிக்கவில்லை.

கடைசியாக நம் கோயிலுக்கு வருகிறேன். 1989இல் ஒரு நிலவறையில் தொடங்கியது அது. தேருக்கு வரும் கூட்டம் பெருகி, தொழிற்பேட்டை நிலத்தில் இடம் வாங்கி, கோபுரம் எழுப்பி, 2002இல் கும்பாபிஷேகம். எந்தப் பொருளாதாரத் திட்டத்திலும் அது இருந்திருக்காது. ஆனால் ஹம் என்ற பெயரை ஐரோப்பாவெங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

தீர்த்தத்துக்கு அம்மனை ஒரு கால்வாய்க்குக் கொண்டுபோவார்கள், பார்த்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் அதை ஆறு என்று நினைக்கிறார்கள். அது டாட்டெல்ன்-ஹம் கால்வாய். 1914இல் திறந்தது. சுரங்கக் கரியைப் படகில் ஏற்றி அனுப்பவும்தான் அதை வெட்டினார்கள். அடுத்த முறை கரையில் நின்று தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும்போது, கால்வாய் போகும் திசையில், மேற்கே ஒருதரம் பாருங்கள். அந்தப் பக்கம்தான் ராட்பொட் கோபுரங்கள். தேர் முடிந்த பின் நேரமிருந்தால் ஒரு பேருந்து பிடித்தால் போதும்.

நன்றி.