நான்காவது வாரம்

அவையோருக்கு வணக்கம். வீட்டில் கிடக்கும் பழைய விளையாட்டுக் காலணியை எடுத்து வரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவர்கள் நாற்காலிக்கு அடியிலேயே வைத்திருங்கள், கடைசியில் அதற்கு வருவோம்.

நாற்பது, ஐம்பது வயதில் உடற்பயிற்சி தொடங்குபவருக்கு எப்போது அடிபடும் என்று கேட்டால், முதல் நாள் என்பார்கள். முதல் நாள் பயமே காவல் இருக்கும். நூறடி ஓடினால் மூச்சு வாங்கும், தானாக நின்றுவிடுவோம். வம்பு பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான் வருகிறது.

காரணம் இதுதான். ஒரு மாதம் ஒழுங்காக நடந்தால் நெஞ்சும் நுரையீரலும் பழகிவிடும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடைச் சதை வலுப்பெறும். ஆனால் சதையை எலும்போடு கட்டி வைக்கும் தசைநாணில் இரத்த ஓட்டம் குறைவு. புதுச் சுமைக்குப் பழக அதற்கு மூன்று மாதமாவது வேண்டும். நம் பேச்சில் இதையும் ‘நரம்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். நரம்பு சேதி கொண்டுபோகும் கம்பி, தசைநாண் பாரம் இழுக்கும் கயிறு. நான்காவது வாரத்தில் மூச்சு ‘இன்னும் ஓடு’ என்கிறது, கயிறோ பழைய கயிறாகவே இருக்கிறது. குதிகாலுக்கு மேலே வலி, முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் உள்ளங்கால் வலி, எல்லாம் இப்படி வருபவைதாம்.

அதனால் எவ்வளவு ஓடலாம் என்று மூச்சைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். முதல் நான்கு வாரம் நடை மட்டும். வாரத்தில் ஐந்து நாள், 20 நிமிடத்தில் தொடங்கி 30 வரை. வேகம் எவ்வளவு என்றால், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. ஐந்தாவது வாரத்தில் 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை, இப்படி ஏழு சுற்று. அதுவும் வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. பிறகு ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டிய வாரத்தில் மேட்டுப் பாதைக்குப் போகாதீர்கள்.

கயிற்றுக்கு முறுக்கேற்ற ஒரு பயிற்சி இருக்கிறது. செலவில்லை, பலர் செய்வதுமில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். 3 விநாடி எண்ணிக் குதிகாலை உயர்த்துங்கள், 3 விநாடி எண்ணி இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இறக்கும்போது தொப்பென்று போடாதீர்கள், பயனில் பாதி அந்த இறக்கத்தில்தான். மூன்று வாரம் கழித்து ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் 20 தடவை நிறுத்தாமல் வரும்வரை பூப்பந்து ராக்கெட்டைத் தொட வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. கூடவே, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, 10 தடவை, மூன்று சுற்று.

பூப்பந்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி? ஆடுகளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். கொடுத்த காசு வீணாகக்கூடாதென்று காரை நிறுத்தியதும் ஆட இறங்குகிறோம். பின்னால் போன பந்தை எடுக்கச் சட்டென்று கால் ஊன்றும்போது குதிநாண், அதாவது கெண்டைக்காலைக் குதிகாலோடு கட்டும் தசைநாண், அறுகிறது. யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருக்கும், திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆட இறங்கும் முன் உடலைச் சூடேற்ற 8 அல்லது 10 நிமிடம் ஒதுக்குங்கள். விறுவிறு நடை, முட்டி உயர்த்தல், பக்கவாட்டு அடிகள், பிறகு மெதுவான வீச்சுகள். குனிந்து காலைத் தொட்டு அப்படியே நிற்பதை ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் இருந்துகொண்டு படியைப் பேசாமல் இருக்க முடியுமா? தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். ஏறுவது நெஞ்சுக்கு வேலை, இறங்குவது முட்டிக்கு வேலை. இறங்கும்போது தொடைச் சதை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்கிறது. நார்களில் நுண்கிழிசல் அப்போதுதான் அதிகம். வலி அன்று தெரியாது, இரண்டாம் நாள் உட்கார்ந்து எழும்போது தெரியும். சிறு அடியாக, கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். 833 மீட்டர் பினாங்கு மலைக்கு நடந்து ஏறுபவர்கள் இறங்குவதற்கு மலை ரயிலைப் பிடிப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. தைப்பூசத்துக்கு வெறுங்காலுடன் நடக்க நேர்ந்திருப்பவர்கள் இரண்டு மாதம் முன்பே வீட்டுக்குள் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். குதி உயர்ந்த காலணியிலேயே இருந்த கால் திடீரென்று தரையைத் தொட்டால் கெண்டைக்கால் அதிகம் இழுபடும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் இதைச் செய்யவே வேண்டாம்.

மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். இன்சுலினோ கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்கள் புறப்படும் முன் சர்க்கரை பாருங்கள். 5 மில்லிமோலுக்குக் குறைவாக இருந்தால் ஏதாவது பசியாறிவிட்டுப் போங்கள், பையில் இனிப்பு இருக்கட்டும். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பவேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் தசைநாண் அறும் ஆபத்து கூடும். அந்த மருந்து சாப்பிடும்போதும் முடிந்த பிறகு சில வாரமும் ஓடுவது, குதிப்பது எதுவும் வேண்டாம். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவதோ தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால் உட்கார்ந்து 999-ஐ அழையுங்கள்.

மற்ற வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலையில் அடங்கினால் தொடரலாம். மறுநாளும் இருந்தால் நேற்றைய அளவு அதிகம், குறையுங்கள். கணுக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துள்ளவைக்கும் வலி வேறு சாதி, அது எலும்புக் கீறலாக இருக்கலாம், ஓடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல. கால் பிசகினால் முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், உள்ளே இரத்தக்கசிவு கூடும். துணியில் சுற்றிய ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல், இவை போதும். நான்கடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். குதிநாணில் சந்தேகம் இருந்தால் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்குங்கள். பாதம் அசையவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

இனி காலணி. பெட்டியில் பத்திரமாக வைத்த புதுக் காலணியின் அடிப்பாகம் முதல் நடையிலேயே பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் ஈரக்காற்று ஒட்டுப்பசையையும் பாலியூரித்தேன் அடிப்பாகத்தையும் அரித்துவிடுகிறது. ஓட்டக் காலணியோடு பூப்பந்து ஆடுவதும் ஆகாது, உயர்ந்த அடிப்பாகம் பக்கவாட்டில் கணுக்காலைப் புரட்டும். சரி, நாற்காலிக்கு அடியில் இருப்பதை வெளியே எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மடங்குபவையும் கையில் துகள் உதிர்ப்பவையும் வாசலில் இருக்கும் கூடைக்குப் போகட்டும்.