கவிமணியும் நம் வீட்டுப் பரண்களும்

(நாகர்கோவிலில் நடந்த இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய புரவலர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாது மேடைக்கு வந்திருக்கும் முதுபெரும் புலவர் ஐயா அவர்களே, நூலகத்துறையிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அலுவலர் அவர்களே (தங்களை அங்கே அமர வைத்ததற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்), தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை ஊர்க்காரர், ஆய்வாளர், குழந்தைக் கவிஞர் என்று மூன்று நிலைகளில் காட்டலாம் என்று எண்ணி வந்தேன். 1876-இல் தேரூரில் பிறந்து, ஆசிரியப் பணியிலிருந்து 1931-இல் ஓய்வு பெற்றபின் புத்தேரியில் வாழ்ந்து, 1954-இல் மறைந்தவர் அவர். 1940-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் 'கவிமணி' என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே நாஞ்சில் நாட்டு வீடுகள் அவரைக் கவிஞராக ஏற்றுக்கொண்டுவிட்டன.

அதற்குக் காரணம் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற அவரது பாட்டு நூல். அந்நாளில் இருந்த மருமக்கள்வழி முறைப்படி, காரணவர் என்ற குடும்பத் தலைவர் கண்மூடினால் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று சிறிது கிடைத்தால் உண்டு. அந்தக் கொடுமையைக் காரணவரின் ஐந்தாம் மனைவி ஒருத்தியின் வாயாலேயே, சிரிக்கச் சிரிக்கச் சொல்ல வைத்தார். தம் சமூகத்தின் நடுவில் இருந்துகொண்டே அதைச் சாடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1926-இல் அந்த முறையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அதற்கு மனங்களைப் பண்படுத்தியதில் அந்தப் பாட்டுக்கும் பங்குண்டு என்பது என் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன் ஏடு தேடி ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி, நான் மான்மியத்தின் பெயரைச் சொன்னதும் உரலை ஒதுக்கிவைத்துவிட்டு, விரலை நீட்டி, அடி தவறாமல் பாடத் தொடங்கினார். காரணவரை ஏசும் இடம் வரும்போதெல்லாம் அந்த விரல், நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் பக்கம் போய் நின்றது. அவர் முதலில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்தார். பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனார். கடைசியில் செருப்பைக்கூட மாட்டாமல் வயல் பக்கம் இறங்கிவிட்டார். அவர் அந்த வீட்டுப் பழைய காரணவரின் மருமகன், அதாவது சகோதரி மகன், என்று பிறகுதான் தெரிந்தது. (சிரிப்பு.) பாடி முடித்ததும் ஆச்சியிடம் ஏடுகளைப் பற்றிக் கேட்டேன். "எல்லாம் கரையான் தின்னு போச்சு, மக்களே. பாட்டு மட்டுந்தான் எனக்க கிட்ட மிச்சம்" என்றார்.

வெள்ளம் வருமுன் அணை கோலு என்பார்கள். நான் எல்லா மேடையிலும் இதைச் சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அணை கட்டும்வரை சொல்வேன். சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை பற்றிய கவிமணியின் ஆராய்ச்சியையும், கன்றுக்குட்டி துள்ளும் குழந்தைப் பாட்டையும் விரிக்க நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஏடும் கல்வெட்டும் தேடிப் படித்த புலவரின் மண்ணில், பரணில் கிடக்கும் ஏடுகளும் பழைய இதழ்களும் கடிதங்களும் எடைக்குப் போகின்றன என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

முன்வரிசையில் இருக்கும் அலுவலர் அவர்களே, நூலகத்தில் ஓர் அறையும், படி எடுக்க ஒரு ஸ்கேனரும் தாருங்கள். வெள்ளம் வாசலுக்கு வந்துவிட்டது. அணை இன்னும் தாளில்தான் இருக்கிறது. வீட்டில் ஏடோ கையெழுத்துப் படியோ வைத்திருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருக்கும் செயலாளரிடம் பெயரைப் பதிந்து செல்லுங்கள். படி எடுத்தபின் மூலத்தை உரியவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பதையும் அலுவலர் முன்னிலையில் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.