அசையாத காலும் தலைமேல் ஒரு காந்தச் சுருளும்

[காட்சி: பினாங்கு, காலை நேர ஃபெரி]

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் அவருடைய இடது கால் எழ மறுக்கிறது. பக்கவாதமோ என்று பதறி எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள், அடைப்பும் இல்லை, இரத்தக் கசிவும் இல்லை. "ஒன்றுமில்லை" என்ற ஒரே சொல்லோடு அவர் வீடு திரும்பினால், நடிக்கிறாள் என்றும், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றும் நம் உறவுக்குள் பேச்சு எழுவதற்கு அதிக நாள் ஆகாது. இரண்டுமே அவருக்கு இழைக்கும் அநீதி.

[காட்சி: குதிகாலின் அடியில் மருத்துவரின் உள்ளங்கை]

படுத்திருக்கும் அவரிடம் இடது குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னால் வலுவே இல்லை. ஆனால் மருத்துவர் வலது தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைத் தூக்கச் சொன்னதும், இடது குதிகால் தானாகவே அதன் அடியில் இருக்கும் மருத்துவரின் உள்ளங்கையை அழுத்துகிறது. ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908இல் விவரித்த சோதனை இது. நரம்புப் பாதை அறுந்துபோகவில்லை. அசைக்க வேண்டும் என்று மனம் வைத்து முயலும்போதுதான் கட்டளை தடைப்படுகிறது. இதுவே செயல்சார் நரம்பியல் கோளாறு.

[காட்சி: எட்டு வடிவச் சுருள்]

அறுவை இன்றி மூளையைத் தூண்டும் காந்த முறையை, அதாவது டி.எம்.எஸ். முறையை, 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரின் குழு செய்து காட்டியது. சுருளில் கணநேரம் பாயும் மின்சாரம் வலிய காந்தப்புலத்தை எழுப்ப, அது மண்டையோட்டைக் கடந்து மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இயக்கப் பகுதிக்கு மேல் "டக்" என்று ஒரு துடிப்பு விழுந்தால் கைவிரல் துள்ளும். காலுக்குரிய பகுதி இரு அரைக்கோளங்களுக்கு இடையிலான பிளவுக்குள் இருப்பதால், அதற்கு ஆழம் எட்டும் வேறு சுருள் தேவைப்படும். அசையாது என்று தானே நம்பிவிட்ட கால் கண்ணெதிரே துள்ளுவதைப் பார்ப்பதே சிலருக்குச் சிகிச்சையின் தொடக்கமாகலாம் என்பது ஆய்வாளர்களின் ஒரு கருத்து. எனக்கும் அது மிக முக்கியமாகப் படுகிறது.

இருப்பினும் இதுவரை வந்த ஆய்வுகள் சிறியவை. தூண்டும் இடமும் வேகமும் ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகின்றன. ஒப்பிடுவதற்காக, தூண்டாத போலிச் சுருள் வைக்கப்பட்டவர்களிலும் சிலர் தேறியிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கு இம்முறையைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2008இல் கிடைத்த அனுமதி இந்தக் கோளாறுக்கு இல்லை. ஆகவே, தெளிவான விளக்கமும், கவனத்தைக் காலிலிருந்து திருப்பி நடக்கப் பழக்கும் இயன்முறைப் பயிற்சியுமே முதலில் வர வேண்டியவை. காந்தத் தூண்டல் அவற்றுக்குத் துணையாகலாமே தவிர மாற்றாகாது.

[காட்சி: தட்டில் தோடும் கொண்டை ஊசியும்]

காந்தத் தூண்டலுக்கு நாற்காலியில் அமருமுன் தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். பேஸ்மேக்கர், உள்காதில் அறுவை செய்து பொருத்திய செவிக்கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்), மூளையில் உலோகக் கிளிப் ஆகியவற்றில் எது இருந்தாலும், முன்பு வலிப்பு வந்திருந்தாலும், கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.