தீவுக்குப் போனாலும் பக்கத்து வீடு உண்டு

நடுவர் அவர்களே, மனசால் இப்போதே படகேறிவிட்ட எதிரணித் தோழர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

நாகரிகத்தின் தொல்லையிலிருந்து தப்பிக்கத் தொலைதூரத் தீவு வழியாகுமா, ஆகாதா? இதுதான் தலைப்பு. ஆகாது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தோழி, அங்கே டிராஃபிக் கிடையாது, மேனேஜர் கிடையாது, காலையில் அலைச்சத்தம்தான் அலாரம் என்றெல்லாம் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் அந்தத் தீவில் பக்கத்து வீட்டில் யார் இருப்பார் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. வழக்கே அங்கேதான் இருக்கிறது.

தென் அமெரிக்காவின் எக்வடார் கரையிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி, காலாபகோஸ் தீவுக் கூட்டத்தில் ஃபுளோரியானா என்று ஒரு தீவு. 1929இல் பெர்லினைச் சேர்ந்த ஃப்ரீட்ரிக் ரிட்டர் என்ற மருத்துவர், நாகரிகமே வேண்டாம் என்று தன் மனைவியை விட்டுவிட்டு, கணவனை விட்டு வந்த டோரே ஸ்ட்ராவ்க் என்ற பெண்ணோடு அங்கே போய் இறங்கினார். மனுஷன் எவ்வளவு தீவிரம் தெரியுமா? தீவில் பல்வலி வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, கிளம்புவதற்கு முன்பே எல்லாப் பற்களையும் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் மெல்லுவதற்கு எஃகில் ஒரு பல்செட்டு! நாகரிகத்தை விட்டு ஓடினவர் அதை வாயிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறார், நடுவர் அவர்களே.

சரி, போனவர் சும்மா இருந்தாரா? ஊருக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மன் பத்திரிகைகளில் அவர் கதை வந்தது. பணக்கார அமெரிக்கர்களின் உல்லாசக் கப்பல்கள் அவரைப் பார்க்க வந்தன. நான் தனியாக இருக்கிறேன் என்று ஊருக்கே அறிவித்தால் என்ன ஆகும்? கூட்டம் வரும். 1932இல் ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து ஹைன்ஸ் விட்மரும் அவருடைய கர்ப்பிணி மனைவி மார்கிரெட்டும் ஒரு மகனோடு வந்து சேர்ந்தார்கள். ரிட்டருக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் பிரசவத்தில் சிக்கல் என்றதும் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, அவரும் போனார். அதே வருஷம், தன்னைச் சீமாட்டி என்று சொல்லிக்கொண்ட எலோயிஸ் வாக்னர் என்ற பெண், காதலர்கள் ஃபிலிப்சன், லோரன்ஸ் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திறங்கினார். கோடீஸ்வரர்களுக்கு இங்கே ஹோட்டல் கட்டப்போகிறேன் என்று அறிவிப்பு வேறு.

கைக்குழந்தையோடு சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். சென்னை அபார்ட்மெண்டில் ஒரு மாடிக்குக் காணாது. அந்த ஒன்பது பேருக்குள் பொறாமை, புறங்கூறல், கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள் என்ற புகார், எல்லாம் நடந்தது. 1934 மார்ச்சில் சீமாட்டியும் ஃபிலிப்சனும் காணாமல் போனார்கள், இன்றுவரை துப்பு இல்லை. ஊருக்குத் திரும்பப் படகேறிய லோரன்ஸ் வேறொரு தீவின் கரையில் வறண்ட பிணமாகக் கிடந்தார். சைவ உணவைப் பற்றிப் பிரசங்கம் செய்த ரிட்டர், அதே வருஷம் நவம்பரில் கெட்டுப்போன கோழிக்கறியால் செத்துப்போனார் என்பதுதான் சொல்லப்படும் காரணம். ஒரே வருஷத்தில் ஒன்பதில் நான்கு!

இங்கே எதிரணி கை தூக்கும், எனக்குத் தெரியும். விட்மர் குடும்பம் ஜெயித்ததே, மார்கிரெட் 2000ஆம் ஆண்டு வரை அங்கேயே வாழ்ந்தாரே என்பார்கள். உண்மைதான். எப்படி வாழ்ந்தார்கள் என்றும் சொல்லுங்கள்: வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு விடுதி நடத்தி! சீமாட்டி கண்ட கனவை, அவரோடு ஒத்துப்போகாத குடும்பமே நடத்திக் காட்டியது.

நகரத்தில் பிடிக்காத ஆளைத் தவிர்க்க ஆயிரம் வழி இருக்கிறது. வேறு தெருவில் போகலாம், வீட்டை மாற்றலாம், போனை எடுக்காமல் இருக்கலாம். தீவில் மூன்றே வீடு என்றால், பகையாளியிடம்தான் மருந்துக்கும் போய் நிற்க வேண்டும். தூரம் மனிதர்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கிறது, மிச்சமிருக்கும் ஒவ்வொருவருடைய பாரத்தையும் அது கூட்டிவிடுகிறது.

பசிபிக் கடலில் இருக்கும் பிட்கெய்ர்ன் தீவின் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், மணி அடித்துவிடுவார் நடுவர். 1790இல், பவுண்டி என்ற ஆங்கிலேயக் கப்பலில் கேப்டனை எதிர்த்துக் கலகம் செய்தவர்களில் 9 பேர், 6 பாலினேசிய ஆண்களோடும் சில பெண்களோடும் அங்கே ஒளிந்து, வந்த கப்பலையும் எரித்தார்கள். அப்புறம் நிலத்தைப் பங்கு போட்டார்கள், வெள்ளையருக்கு மட்டும். கேப்டனின் கொடுமை தாங்காமல் ஓடிவந்தவர்கள் செய்த காரியம் இது! 1808இல் ஓர் அமெரிக்கக் கப்பல் வந்து பார்த்தபோது, அந்த 15 ஆண்களில் மிஞ்சியிருந்தவர் ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான். பெரும்பாலோர் ஒருவரையொருவர் கொன்றே தீர்ந்துபோயிருந்தார்கள்.

தோழி ட்ரிஸ்டன் ட குன்யாவைப் பெருமையாகச் சொன்னார். தென் அட்லாண்டிக்கில், விமான நிலையமே இல்லாத தீவு, கேப்டவுனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம். 1961இல் எரிமலை வெடித்து எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், 1963இல் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள், பார்த்தீர்களா, நாகரிகம் பிடிக்கவில்லை என்றார். அம்மா, அவர்கள் மனிதர்களை விட்டு ஓடவில்லை, தங்கள் மனிதர்களோடு சேர்ந்திருக்கத் திரும்பினார்கள். அங்கே தீவு மன்றம் இருக்கிறது, உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் ஆடு மாடு வளர்ப்புக்கும் விதி இருக்கிறது, கடல்நண்டு போன்ற சிங்கிறாலைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்றுத்தான் வருமானம். நீங்களும் நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்க் குடியேற முடியாது, எட்டிப்பார்க்கவே மன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். நம்ம ஊர் ஹவுசிங் சொசைட்டி எவ்வளவோ தேவலை!

ஸ்காட்லாந்துக்கு அப்பால் செயின்ட் கில்டாவில் இன்னும் மோசம். இளைஞர்கள் கிளம்பிப்போய், வேலைக்கு ஆள் போதாமல், மிச்சமிருந்த 36 பேரும் எங்களைக் கூட்டிப்போங்கள் என்று தாங்களே மனு எழுதி, 1930 ஆகஸ்டில் வெளியேறினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களே அப்படி. வைஃபை நின்றால் கஸ்டமர் கேருக்குப் பத்துத் தடவை போன் போடுகிற நாம்?

இதோ, மணி அடித்துவிட்டார். அடுத்துப் பேச எழும் எதிரணித் தோழருக்கு ஒரே ஒரு கேள்வி. கப்பலையும் எதிர்பார்க்காமல், கடிதமும் எழுதாமல், யாரோடும் மல்லுக்கு நிற்காமல் அப்படியொரு தீவில் நிம்மதியாக வாழ்ந்த ஒரு குடும்பத்தைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் எங்கள் அணியே எழுந்து உங்கள் பக்கம் வந்து உட்காரும். நன்றி, வணக்கம்.