திட்டுத் திட்டாகத் தெரிகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். ஆனைமலை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு வேர் வாடல் நோயை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓலை உள்பக்கம் வளைந்து விலா எலும்பு மாதிரி நிற்கும். தோப்புக்குள் நுழைந்ததுமே, "அந்த மூலையில திட்டாப் பிடிச்சிருக்குங்க" என்பார்கள். இருக்கலாம். ஆனால் கண் சொல்வதை உடனே நம்பக் கூடாது.

இரண்டாம் உலகப் போரில் லண்டன்மேல் ஜெர்மானியர்கள் பறக்கும் குண்டு விட்டார்கள். சில இடங்களைக் குறிவைத்தே அடிக்கிறான் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்காளர் தெற்கு லண்டனை 576 கட்டங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் எண்ணினார், 1946இல் வெளியிட்டார். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால் ஒரு குண்டும் விழாத கட்டம் எத்தனை இருக்கும்? சுமார் 227. இருந்தது 229. நான்கு குண்டு வாங்கிய கட்டம் ஏழு இருக்க வேண்டும். இருந்ததும் ஏழு! குறியும் இல்லை, ஒன்றும் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

சரி, நம் தோப்புக்கு வருவோம். பத்துக்குப் பத்து, நூறு மரம். அதில் 20 நோய் மரம் என்று வையுங்கள். அடுத்தடுத்து நிற்கும் நோய் மர ஜோடிகளை எண்ணுங்கள். பக்கவாட்டில், முன்னே பின்னே, அவ்வளவுதான். 15 வருகிறது. இது அதிகமா? மரங்களை அசைக்காமல், நோய் என்ற சீட்டு இருபதை மட்டும் நூறு மரத்துக்கும் குலுக்கிப் போடுங்கள். மறுபடி எண்ணுங்கள். கணினி 999 தடவை செய்துவிடும். சராசரியாக ஏழு ஜோடிதான் வரும். பதினைந்தைத் தொடுவது அபூர்வம். அப்படியானால் திட்டு நிஜம். ஒன்பது வந்திருந்தால்? அது குலுக்கலிலேயே அடிக்கடி வருகிற எண்.

திட்டு நிஜம் என்றாலும், காரணம் அதில் தெரியாது. பூச்சி மரத்துக்கு மரம் பரப்பியிருக்கலாம். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி மரம் தளர்ந்திருக்கலாம். அதற்குத்தான் பள்ளத்து மரங்களுக்குள் தனியாக, மேட்டு மரங்களுக்குள் தனியாகச் சீட்டைக் குலுக்க வேண்டும். அப்போதும் தோப்பில் எண்ணிய ஜோடிதான் அதிகம் என்றால், பள்ளம் மட்டும் காரணம் இல்லை. இதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்கிறார்கள். அப்புறம் ஒன்று: பக்கத்துத் தோப்பின் வரப்போர மரங்களையும் சேர்த்து எண்ணுங்கள். பூச்சிக்கு வேலி தெரியாது. வணக்கம்.